உரோமம் நீக்கி

தோல் பட்டறையின் ஜன்னல் வெயில் மேசைமேல் விழுந்திருக்கிறது. அகராதிக்காரர் கையில் அச்சுப்படி. மாலைக்குள் அது அச்சகம் போயாக வேண்டும். 'தோல்' என்ற சொல்லுக்கு எழுதியிருக்கும் நான்காவது பொருளை முதலாளியம்மா சரி என்று சொல்லிவிட்டால் போதும். அவள் சாயம் ஏறிய விரலை வரிமேல் ஓட்டி உரக்கப் படிக்கிறாள்: "உரோமம் நீக்கிப் பதனிட்ட விலங்குத் தோல்." தையல் மெஷினில் இருக்கும் நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "அண்ணி, சாருக்கு அந்தக் கன்னுத் தோலைக் காட்டுங்க." முதலாளியம்மா அதை மேசையில் விரிக்கிறாள், பழுப்பும் வெள்ளையுமாக, முடி பளபளக்க. "இதுவும் பதனிட்டதுதான் சார். அழுகக் கூடாது, வளைஞ்சு கொடுக்கணும், அவ்வளவுதான். முடியை எடுக்கறதும் விடறதும் எங்க இஷ்டம்." அவர் முகம் சுண்டிப்போகிறது. மூன்று பழைய அகராதிகளைப் பார்த்து எழுதிய வரி. கை மட்டும் தன்பாட்டுக்கு அந்த முடியைத் தடவிக்கொண்டிருக்கிறது. பிறகு பேனாவைத் திறந்து முதல் இரண்டு சொற்களை அடிக்கிறார். "இப்ப?" "இப்ப சரி. புத்தகம் வரட்டும், உங்க பிரதிக்கு நாங்களே தோல் அட்டை போட்டுத் தர்றோம்." "முடியோடதானே?" என்று அவர் கேட்க, நாத்தனார் சிரிக்கிற சிரிப்பில் மெஷின் நின்றேபோகிறது.