கரடி தின்ற அத்திப்பழம்

“அந்தச் சாணிய எடுத்து உள்ள வையி லா!”

ஹில்டா மகளிடம் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

பெண் பார்க்க பீடோரிலிருந்து மாப்பிள்ளை ரோய்ஸ்டனும் அவன் அம்மா கிறிஸ்டினும் வந்திருந்தார்கள். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் மகள் மெலிண்டாவின் வேலையைக் கேட்டதுமே மூக்கைச் சுளித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதனால் இந்த முறை ஹில்டா, “பொண்ணு யூனிவர்சிட்டி ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி” என்று துணிந்து ஒரு புளுகு புளுகியிருந்தாள்.

கிறிஸ்டின் உட்கார்ந்ததும் டிவி பக்கத்திலிருந்த கல்லைத்தான் கையில் எடுத்தார்.

“இது என்னம்மா?”

“குகைக் கல்லு அக்கா. சும்மா அழகுக்கு,” ஹில்டா முந்திக்கொண்டாள்.

மெலிண்டாவுக்குப் பொய் வராது. “கரடியோட சாணி ஆன்ட்டி. ஆயிரக்கணக்கான வருசத்துல கல்லாயிருச்சு. இதை ஆராயுறதுதான் என் வேலை.”

ஹில்டா மகளை முறைத்தாள். போச்சு, இந்த இடமும் போச்சு.

“உள்ள என்ன இருக்கும்?” கிறிஸ்டின் கேட்டார்.

“அன்னைக்கு அது தின்னது ஆன்ட்டி. காட்டு அத்தி விதை, தேனீயோட றெக்கை... தேன் குடிச்சிருக்கு பாருங்க. அப்ப இங்க ரோடு ஏது, வீடு ஏது? எல்லாம் காடுதான்.”

அவள் பேசப் பேச, வெளியே சுண்ணாம்பு மலைமேல் மழைமேகம் இறங்கி ஹால் இருட்டிக்கொண்டு வந்தது. அத்திப்பழம் பொத்தென்று விழுவதுபோலவும், வயிறு நிறைந்த கரடி ஒன்று சோபாவுக்குப் பின்னால் அசைந்து அசைந்து போவதுபோலவும் ஹில்டாவுக்குத் தோன்றியது. மகள் தினமும் எங்கே போய்விட்டு வருகிறாள் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை அழகையா மறைக்கப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

கிறிஸ்டின் கல்லை மெல்ல முகர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“பொய் சொன்னது நான்தான் அக்கா, பிள்ளை மேல தப்பில்ல. அருவருப்பா இருந்தா பின்னால பைப்பு இருக்கு, கைய கழுவிக்குங்க,” என்றாள் ஹில்டா.

கிறிஸ்டின் எழுந்திருக்கவில்லை. கல்லை மடியில் வைத்துக்கொண்டார்.

“நானும்தான் பொய் சொன்னேன். எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்கன்னு சொல்லியிருந்தேன்ல, அது இல்ல. அங்க கக்கூஸ் வாளி தூக்குனவங்க. அதனால எங்க வீட்டுக்கு வந்தவங்க யாரும் பச்சத்தண்ணிகூட வாங்கிக் குடிச்சதில்ல. இப்ப நீங்க சொல்லுங்க... எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுப்பீங்களா?”