மஞ்சள் பட்டை

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மாடி வராந்தாவில் நின்றார். பாக்கெட்டில் போன். கண் தெருமுனை மேல்.

டிப்போவிலிருந்து முதல் பஸ் வரும் நேரம். அது வரக் கூடாது என்றுதான் நின்றுகொண்டிருந்தார்.

டிப்போவில் அவருக்கு கம்ப்யூட்டர் சார் என்று பெயர். எந்தப் பஸ்ஸை எந்த டிரைவர் எடுப்பது, கூட எந்த கண்டக்டர் போவது என்பதையெல்லாம் எக்செல் தாளில் ஒரே தட்டலில் பிரித்துக் கொடுக்கும் மேக்ரோ என்கிற குட்டிப் புரோகிராமை எழுதியவர் அவர்தான். அது ஓடினால்தான் பஸ் ஓடும்.

எழுதியதோடு விட்டாரா என்றால் இல்லை. கண்ட கண்ட வைரஸும் உள்ளே புகுந்து நாசம் செய்துவிடக் கூடாதே என்று தன் பெயரில் ஒரு சான்றிதழ் தயார் செய்து, அதை வைத்து மேக்ரோவுக்கு டிஜிட்டல் கையெழுத்தும் போட்டு வைத்தார். கையெழுத்து செல்லுபடியாகும்வரை மேக்ரோ பாட்டுக்கு ஓடும். செல்லாமல் போனால் தாளின் தலைமாட்டில் மஞ்சள் பட்டை ஒன்று முளைத்து எச்சரிக்கும்.

பட்டை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் வாய் வலிக்கச் சொல்லியிருந்தார். ஒன்றையும் தொடக் கூடாது. ‘பரவாயில்லை, ஓடட்டும்’ என்கிற மாதிரி அந்தப் பட்டையிலேயே ஒரு பொத்தான் இருக்கும். அதன் பக்கம் கையே போகக் கூடாது. நேரே அவரைக் கூப்பிட வேண்டும். சொன்னது போதாதென்று ஒவ்வொரு கம்ப்யூட்டரின் மேலும் எழுதி ஒட்டியிருந்தார்.

சான்றிதழ் நேற்றோடு காலாவதி.

ஆக, இந்நேரம் டிப்போவில் பட்டை வந்திருக்கும். டைம்கீப்பர் அம்மா கையைப் பிசைந்துகொண்டிருப்பார். டிரைவர்கள் ஜன்னலை மொய்த்துக்கொண்டு என்னாச்சு என்னாச்சு என்று நச்சரிப்பார்கள். மேனேஜர் வழக்கம்போல யார் மேலாவது எரிந்து விழுந்துவிட்டு, அவரைக் கூப்பிடுங்கள் என்பார்.

பிரிவு உபசாரக் கூட்டத்தில் மாலை போட்ட கையோடு மேனேஜர் சொன்னதுதான்: தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம், வந்து உங்கள் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

தேவைப்பட வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்குப் பயமாக இருந்தது. அதை மனைவியிடம் சொல்லவில்லை. இன்றைக்கு பஸ் வருவது சந்தேகம், பேசாமல் லீவு போட்டுவிடு என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். தினமும் அதே முதல் பஸ்ஸில் வேலைக்குப் போகிற அந்த அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தலையை வாரிக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் ஹாரன் கேட்டது.

பஸ் வந்தது. டிரைவரோடு வந்தது, கண்டக்டரோடு வந்தது. ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

“போயிட்டு வர்றேன். சாப்பாடு மேசை மேல இருக்கு. போனையே பாத்துக்கிட்டு ஆற விட்டுடாதீங்க” என்று படியிறங்கிப் போன மனைவியை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியது.

பொறுக்க முடியாமல் அவரே டிப்போவுக்குப் போன் போட்டார். டைம்கீப்பர் அம்மாதான் எடுத்தார். பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டு, பேச்சோடு பேச்சாக, காலையில் கம்ப்யூட்டரில் மஞ்சளாக ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

“அதுவா? அது தினமும் வர்றதுதானே சார். அந்தப் பொத்தான அமுக்குனா ஓடிடுது.”

தினமும் என்றால் எப்போதிலிருந்து என்று கேட்டார். புதுக் கம்ப்யூட்டர்கள் வந்த நாளிலிருந்தாம்.

அவருக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வந்தால் ஒவ்வொன்றிலும் போய் உட்கார்ந்து, இன்னாருடைய சான்றிதழை நம்பலாம் என்று பதிந்து வைக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் செய்தார். புதியவற்றில் மறந்துவிட்டார். சான்றிதழைத் தயார் செய்த அவருடைய கம்ப்யூட்டரில் மட்டும் பட்டை வரவே இல்லை. அதனால் எங்கேயும் வரவில்லை என்று இருந்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அவருடைய கையெழுத்தை நம்பியது அவருடைய மேசையில் இருந்த அந்த ஒரே கம்ப்யூட்டர்தான்.

எழுதி ஒட்டியிருந்தேனே என்றார். ஃபேன் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்ததால் அதை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டதாக டைம்கீப்பர் அம்மா சொன்னார். இனிமேலாவது நன்றாக ரெஸ்ட் எடுங்கள் என்றும் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

அவர் போனை வைத்துவிட்டு இஸ்திரிச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை.

போன வாரம் அந்த மேக்ரோவில் கடைசியாக ஒரு சின்னத் திருத்தம் செய்து, மறுபடி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ‘கையெழுத்திட்ட நேரத்தையும் சேர்த்துப் பதிக’ என்ற கட்டத்தில் எப்போதும்போல டிக் இருந்தது. அது இருந்தால், சான்றிதழ் காலாவதியானாலும் அதற்கு முன்பே போட்ட கையெழுத்து செல்லும். அவர் இல்லாவிட்டாலும் செல்லும்.

அன்றைக்கு சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. டிக்கை எடுத்தார்.

உடனே திரையில் ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. நாலைந்து வரி இருக்கும்.

அவர் அதைப் படிக்கவில்லை. பொத்தானை அமுக்கினார்.