பிரிக்காத கடிதம்

அச்சகத்தில் பிழை திருத்தும் அவளுக்கு, தன் படிக்கும் வேகத்தில் பெருமை அதிகம். ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் முடிப்பாள். ஒரு சொல்லும் தப்பாது. போகப்போக, அக்காவின் கடிதங்கள் உறையைப் பிரிக்காமலே புரிந்தன. அக்கா போனில் கேட்டுச் சோதிப்பாள். எல்லாம் சரியாக இருக்கும்.

போன மாதம் வந்த உறையைக் கையில் எடுத்ததுமே புரிந்தது: 'உடம்பு முடியலைடி. ஒரு தடவை வந்துட்டுப் போ.'

வேலை தலைக்கு மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருந்தாள். வெள்ளிக்கிழமையே அக்கா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்துதான் உறையைப் பிரித்தாள். உள்ளே வெறும் வெள்ளைத்தாள். அத்தானிடம் கேட்டாள்.

"எழுத உக்காந்தா, கை வரலை. 'அவளுக்குப் புரியும்'னு வெறும் தாளை மடிச்சு வச்சா," என்றார். "உனக்குப் புரியலையாம்மா?"

"இல்ல அத்தான், புரியலை" என்று பொய் சொன்னாள்.