இறங்கிவரும் மணம்

ஒரே காட்டுத்துளசிதான் என்றாலும், வளரும் இடத்துக்கு ஏற்ப அதன் எண்ணெயின் மணம் மாறும் என்பது ஆய்வாளர் மரகதவல்லிக்குத் தெரியும். ஆனால் மலையுச்சி இலையில் வடித்த எண்ணெயை முகர்ந்ததும், இலை பறித்துவரும் நஞ்சன் அழுதுவிட்டான். “இது எம் பொண்டாட்டி வாசமுங்க.” நிலச்சரிவில் அங்கே புதைந்தவளின் உடல் இன்னும் கிடைத்திருக்கவில்லை. மறுமாதம் உச்சி இலையில் அந்த மணம் இல்லை. நடுச்சரிவு இலையில் இருந்தது. அதற்கடுத்த மாதம் ஓடைக்கரை இலையில் இருந்தது. எண்ணெயைப் பகுத்துப் பார்க்கும் கருவி தந்த வரைபடங்களும் அதையே காட்டின. மரகதவல்லி மூன்று மாத வரைபடங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். “ஓடையைத் தாண்டினா என்ன இருக்கு?” என்று கேட்டாள். “எங்க ஊடுதானுங்க.” நஞ்சன் அவசரமாக எழுந்தான். “போயி வெந்நி போட்டு வெக்கோணும். அத்தன தூரம் நடந்து வர்றா, மேலெல்லாம் மண்ணாத்தான் இருக்கும்.”