எத்திராஜ் லைன்

கடைசிச் சுற்று தொடங்கும்போது படம் ஒரு நொடி தடுக்கியது.

ஒரே ஒரு நொடிதான். மகள் கீர்த்தியின் சிவப்புக் கார் சுவரை உரசிக்கொண்டு தப்பியது. நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த எத்திராஜ் செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனைக்கு ஓடினான். லைன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, போன வேகத்தில் திரும்பி வந்தான்.

படம் இப்போது எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. அப்பாடா!

மாவட்ட ஃபைனல் ஐயா, சும்மாவா? ஜெயித்தால் ஹைதராபாத். மூன்று மாதமாக இந்தப் பெண்ணுக்குச் சோறு, தூக்கம் எல்லாமே அந்த ஊர்தான்.

முன்பெல்லாம் இந்தக் கார் பந்தயத்தை ஆட, பீரோ கணக்காய் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். இப்போது வேண்டாம். கேம் ஓடுவது எங்கேயோ கண்காணாத ஒரு கட்டடத்தில். இங்கே வருவது படம் மட்டும். அதனால்தான் எழுத்து பெயர்ந்துபோன ஒரு கிழட்டு லேப்டாப்பை வைத்துக்கொண்டு கீர்த்தி ஃபைனல் வரை வந்துவிட்டாள்.

ஆனால் எல்லாம் லைன் கையில் இருக்கிறது. அது ஒரு தும்மல் போட்டால் போதும், ஆள் காலி.

அந்த லைன் யாருடையது? நாகலாபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கேபிள் ஆபீஸ் முதலாளியின் பெயரை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். எத்திராஜ் லைன் என்பார்கள். ஒயரைக் குரங்கு கடித்தாலும் லாரி இழுத்தாலும் கம்பத்தில் ஏறி ஒட்டவைப்பவன் அவன்தானே.

அந்த உரிமையில்தான் காலையிலேயே வீடு வீடாகப் போய், நாலு மணிக்கு வைஃபையை அணைத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தான். தெரு மொத்தமும் அணைத்தது. எதிர்வீட்டுச் சந்திரம்மா சீரியலையே விட்டுக்கொடுத்தாள். அணைத்த பிறகுதான், இனி போனில் கீர்த்தியின் பந்தயத்தைப் பார்க்க முடியாது என்று அவர்களுக்கு உறைத்தது. அத்தனை பேரும் இப்போது ஜன்னலுக்கு வெளியே முண்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் ஒரே ஒரு வளைவு. எதிராளியின் நீலக் கார் கண்ணிலேயே காணோம். ஜன்னலில் விசில் கிளம்பியது.

முடிவுக் கோட்டுக்குப் பத்தடி இருக்கையில் சிவப்புக் கார் நின்றுவிட்டது.

எத்திராஜ் மறுபடியும் வாசல் பக்கம் திரும்பினான்.

"இன்னாப்பா எத்திராஜு, உன் லைன் லட்சணம் இதானா?" என்றாள் சந்திரம்மா.

கீர்த்தி திரும்பிப் பார்த்தாள். கை விரல்களை மடியில் வைத்திருந்தாள்.

"நம்ம லைன் நல்லாத்தான் கீது நைனா. எதிர்ல ஆடறவங்களுக்குத்தான் லைன் பூட்ச்சி. அதோ மூலையில மேப்புல பாரு, நீல வண்டி நடுரோட்ல நின்னுக்கினு கீது. ஓட்டத் தெரியாம நின்னா வுட்டுட்டுப் போவேன். லைன் போயி நிக்கறவங்கள எப்டி ஜெயிக்கறது? லைன்மேன் பொண்ணு நானு."

அடிப் பைத்தியமே என்று கத்த வாயைத் திறந்தான். ஹைதராபாத் பத்தடியில் இருக்கிறது, இவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! இப்படி ஒரு பெண்ணை நான் எப்போது வளர்த்தேன் என்று அவனுக்கு மார்பு விம்மியது.

திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. லைன் போனவர் மூன்று நிமிஷத்துக்குள் திரும்பி வரலாம், இல்லாவிட்டால் ஆட்டத்தை விட்டு வெளியே. அதுதான் விதி.

அவன் போன் அடித்தது. சுருட்டபள்ளி ரோட்டில் குடியிருக்கும் டிராயிங் வாத்தியார் பிரகாசம். அவர் போட்ட சத்தம் கீர்த்தி வரைக்கும் கேட்டது.

"எத்திராஜு, எங்க ரோட்டுக்கே லைன் இல்லப்பா. எம் பொண்ணு லீனா ஏதோ ஃபைனலாம், ஆடிக்கினு இருந்துது. பாதியில வண்டி நின்னுபோச்சுன்னு அழுவுது."

எத்திராஜ் திரையில் நிற்கும் நீலக் காரைப் பார்த்தான். பிறகு ஓடினான்.

ஏணி எடுக்கவில்லை, டெஸ்டர் எடுக்கவில்லை. இரண்டே நிமிஷம். மூச்சு வாங்கத் திரும்பி வந்து நின்றபோது நீலக் கார் வளைவில் சீறிக்கொண்டு வந்தது. அது பக்கத்தில் வரும்வரை காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் கீர்த்தி விரலை வைத்தாள். நின்ற வண்டி கிளம்புவதற்குள் ஓடிவந்த வண்டி ஒரு முழம் முந்திவிட்டது.

ஹைதராபாத் லீனாவுக்கு.

கீர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"ஃபைனல்ல ஆடுன ரெண்டு பேரும் எங்க நைனா லைனு! போன லைன ரெண்டே நிமிசத்துல எவன் குடுப்பான்? சொல்லுங்க பாக்கலாம்!"

தெருவே கை தட்டியது. சந்திரம்மா சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டு, ஜன்னல் கம்பி வழியாக ஒரு மைசூர்பாகை அவன் வாயில் திணித்தாள். பக்கத்து வீட்டு ரமணா உள்ளே வந்து அவனைத் தோளில் தூக்கினான்.

எத்திராஜ் மைசூர்பாகைக் கடிக்காமல் கையில் எடுத்துக்கொண்டான்.

எங்கே பழுது என்று அவன் தேடவே இல்லை. படம் தடுக்கியதும் ஓடினானே, அப்போது மகளுக்கு லைன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரட்டும் என்று சுருட்டபள்ளி ரோட்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தவன் அவன்தான்.