ஐந்தாவது கரண்டி

ஐந்தாவது கரண்டி விஷத்தை எடுக்கும்போது டாக்டருக்குக் கை நடுங்கியது. எதிரே கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஆறு வயதுக் குட்டி, "ம், சீக்கிரம்" என்று வாயைத் திறந்தாள்.

விஷம் என்றால் வேர்க்கடலைப் பொடிதான், வாழைப்பழக் கூழில் கலந்தது. நமக்கெல்லாம் அது கொறிக்கிற சமாசாரம். இவளோ இரண்டு வயதில் அரைக் கடலையைத் தின்று, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, மறுபிழைப்புப் பிழைத்தவள்.

அந்த ஒவ்வாமை இப்போது போய்விட்டதா என்று தெரிய ஒரே வழி, ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, அரை மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பதுதான். ஏழு கரண்டியையும் தாங்கிவிட்டால் குட்டி பாஸ்.

டாக்டர் ஒவ்வாமைச் சிறப்புப் பயிற்சியில் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. தனியாக நடத்தும் முதல் சோதனை இது. "பயம் இருக்கட்டும், தப்பில்ல. கை மட்டும் பயப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் பக்கத்து வார்டுக்குப் போயிருந்தார். கை அதைக் கேட்கிற வழியாக இல்லை.

"பாஸ் ஆயிட்டா இவ அப்பா வீட்டுக்கே வந்துடுவார் டாக்டர்" என்றாள் குட்டியின் அம்மா. அப்பாவுக்குக் கடலை பிஸ்கட் செய்யும் தொழிற்சாலையில் வேலை. உடுப்பில் ஒட்டிய தூள் மகள் மேல் பட்டுத் தொலைக்குமோ என்று நாலு வருஷமாகத் தொழிற்சாலை விடுதியிலேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவார். இப்போதும் மேலே வராமல் கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் கரண்டியைக் குட்டியின் வாயில் வைத்தாள். தன் பயம் குழந்தைக்குத் தெரியக் கூடாதே என்று, "பல்லு விழுந்த ஓட்டை வழியா வெளிய ஓடிடாம பாத்துக்கோ" என்றாள்.

குட்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே விழுங்கினாள். அடுத்த நொடி இருமினாள்.

இருமல் நிற்கவில்லை. முகம் செக்கச்செவேலென்று ஆனது, கண்ணில் நீர் கொட்டியது. ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கரண்டியைக் கீழே போட்டாள். இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று புத்தகத்தில் எத்தனை தடவை படித்திருக்கிறாள்.

"சிஸ்டர், ஆக்சிஜன் கொண்டாங்க. பெரிய டாக்டரை வரச் சொல்லுங்க."

சிஸ்டர் ஓடினார். அம்மா பார்க்க மாட்டாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அழுத்தினால் ஒரு முனையிலிருந்து ஊசி பாயும் அட்ரினலின் பேனா தட்டில் தயாராக இருந்தது, டாக்டர் அதை எடுத்தாள். மூடியைப் பிடுங்கி, குழந்தையின் தொடையில் ஊன்றி, மேலே கட்டைவிரலை வைத்துப் பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். 'டிக்' என்றது. கை அதிர்ந்தது. பத்து எண்ணிவிட்டுப் பேனாவைப் பழைய ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பாவில் எறிந்தாள்.

சிஸ்டர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவதற்குள் இருமல் அடங்கிவிட்டது. குட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லவேளை, நேரத்துக்குப் போட்டீங்க" என்றார் சிஸ்டர், குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தபடி. "பிபி சரியா இருக்கு. நாடி தொண்ணூறுதான். உங்க நாடியைத்தான் பாக்கணும் போலிருக்கு டாக்டர்."

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்ட அடி வெளியே கேட்டுவிடும் போலிருந்தது. கால் வெலவெலத்தது, முதுகு நனைந்தது. ஆபத்து தாண்டிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தும் பயம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு பயந்தாங்கொள்ளிக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று அவமானமாக இருந்தது. கேஸ் ஷீட்டில் எழுத உட்கார்ந்தால் விரல் மரக்கட்டையாகி எழுத்து கோணியது. 'சோதனையில் தோல்வி' என்று எழுதுவதற்குள் மூன்று தடவை பேனா நழுவிவிட்டது.

பெரிய டாக்டர் வந்தார். குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வயிறு, முதுகு, காது மடல் எல்லாம் பார்த்தார். ஒரு தடிப்புகூட இல்லை.

"புரையேறினாலும் இப்படித்தான் இருமும்" என்றார். "ஊசி போடாம தானா அடங்கியிருந்தா, கடலை மேல பழி இல்லைன்னு மிச்ச ரெண்டு கரண்டியும் குடுத்துப் பாக்கலாம். ஆனா ஊசி போட்டாச்சு. எதனால அடங்குச்சுன்னு இனிமே யார் சொல்றது?"

டாக்டர் கேஸ் ஷீட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உன் மேல தப்பில்லம்மா, சந்தேகம்னா போட்டுத்தான் ஆகணும்" என்றவர், குட்டியின் அம்மா பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் திரும்பப் பாக்கலாம்."

"இன்னும் ஒரு வருஷமா சார்?"

அவள் ஜன்னல் பக்கம் போய்க் கீழே பார்த்தாள். கீழே நின்றவர் அண்ணாந்து, என்ன ஆச்சு என்று கையை ஆட்டிக் கேட்டார். பதில் சொல்ல அவளுக்குக் கை எழவில்லை. திரும்பி வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு மகளின் தொடையைத் தடவினாள்.

"ஊசி குத்தின இடம் ரொம்ப வலிக்குதாடா கண்ணு?"

குட்டி தன் தொடையைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பாவமாகப் பார்த்தாள்.

"எனக்குக் குத்தவே இல்லியேம்மா. அந்த அக்கா அவங்க கட்டைவிரல்லதானே குத்திக்கிட்டாங்க."