நூற்றுப் பதினான்காம் பக்கம்

"கதவைக் கொஞ்சம் சாத்திக்கலாமா சார்?" என்று கேட்ட துறைத்தலைவி, பதிலுக்குக் காத்திராமல் சாத்தியும் விட்டார். பேராசிரியர் தன் வீட்டுப் படிப்பறையில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

துறைத்தலைவியின் கையில் இருந்தது பேராசிரியர் எழுதிய புத்தகம். பழங்கால இந்தியச் சமுதாயமும் சமயமும் பற்றி முப்பது வருடமாக எல்லாக் கல்லூரிகளிலும் பாடமாக இருக்கிற தலையணை. அதிலிருந்து ஒரே ஒரு மஞ்சள் காகிதம் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று பேராசிரியர் திறந்து பார்க்கத் தேவையில்லை.

"அந்த உப்புக்காரி விஷயமா வந்தேன் சார்."

"சொல்லுங்கம்மா" என்றார்.

"நீங்க அடிக்குறிப்புல காட்டியிருக்கிற பழைய அகழாய்வு அறிக்கை, உங்ககிட்ட ஒரு பிரதி இருக்காமே? நூத்திப் பதினாலாம் பக்கத்தை ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேன். என் புத்தகம் ரெண்டாம் பதிப்பு வருது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டே ஆகணும்னு பதிப்பாளர் ஒத்தைக் கால்ல நிக்கிறார்."

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், தலைச்சுமையாக உப்பு விற்ற ஒரு விதவை, துறவிகள் தங்குவதற்கு மலையில் ஒரு குகை வெட்டிக் கொடுத்தாள் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். சமயத்தை வளர்த்தது அரசர்களும் பெரிய வியாபாரிகளும்தான் என்று அடித்துப் பேசியவர்களின் வாயை அந்த ஒரு வரி அடைத்தது. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த உப்புக்காரிதான்.

ஆனால் அவளைப் பற்றிய குறிப்பு அட்டை, புத்தகம் அச்சுக்குப் போகிற அன்று காணாமல் போயிருந்தது. அச்சகத்து ஆள் கூடத்தில் காலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார். எங்கே படித்தோம் என்று மண்டையை உடைத்துக்கொண்ட பேராசிரியர், ஐம்பதே பிரதி அச்சான ஓர் அறிக்கையின் பெயரை அடிக்குறிப்பில் போட்டு, பக்கம் 114 என்று எழுதிக் கொடுத்துவிட்டார். 114 ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

நான்கு வருடம் கழித்து ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த அறிக்கை அகப்பட்டது. ஒரே மூச்சில் படித்தார். பிறகு அலமாரியின் அடித்தட்டில் அகராதிகளுக்குப் பின்னால் அதைத் தள்ளிவிட்டார். அந்தத் தட்டை மட்டும் தூசி தட்ட மனைவியைக்கூட விடுவதில்லை.

உப்புக்காரியோ சும்மா இருக்கவில்லை. பள்ளிப் பாடம் வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டாள். சொந்த மகளே பரீட்சையில் அவளைப் பற்றி எழுதி முழு மதிப்பெண் வாங்கி வந்து காட்டிய அன்று பேராசிரியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு பதிப்பின்போதும் அவளை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுப்பார். எடுத்த வேகத்தில் மூடியும் வைப்பார்.

போன வருடம் துறைத்தலைவியின் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது. அதிலும் உப்புக்காரி வந்திருந்தாள். பேராசிரியர் வெறும் பக்கம் போட்ட இடத்தில் அந்த அம்மாள் வரியையும் போட்டிருந்தார்: 'அறிக்கை, பக்கம் 114, கீழிருந்து மூன்றாவது வரி.' இப்படி வரிவரியாக விரல் வைத்துப் பார்க்கிற ஆள் என்றைக்காவது வீட்டு வாசலுக்கே வந்து நிற்பார் என்று அன்றே அவருக்குத் தோன்றியது. இதோ, வந்தேவிட்டார்.

"அது எங்கே கிடக்கோ... தேடணும்மா" என்று இழுத்தார்.

"நான் தேடட்டுமா சார்?" துறைத்தலைவி எழுந்து நேராக அலமாரிப் பக்கம் போனார்.

இந்த அம்மாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நம் வாயாலேயே வரட்டும் என்று மரியாதைக்காகக் காத்திருக்கிறார். பேராசிரியருக்கு வெட்கத்தில் காது சுட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அகராதிகளை விலக்கி, அறிக்கையை எடுத்து நீட்டினார்.

"கடைசிப் பக்கத்தைப் பாருங்கம்மா."

துறைத்தலைவி திருப்பினார். பக்கம் 96. கீழே 'முற்றும்' என்று அச்சாகியிருந்தது.

"இதுல நூத்திப் பதினாலாம் பக்கமே கிடையாது. உப்புக்காரியும் கிடையாது. வேற எங்கயாவது படிச்சேனா, நானா கற்பனை பண்ணிக்கிட்டேனா, எனக்கே தெரியல. முப்பது வருஷமா ஊரையே ஏமாத்திட்டேன். என்னை மன்னிச்சிடுங்க." பேராசிரியரின் கண் கலங்கிவிட்டது. ஆனால் நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரியும் இருந்தது.

துறைத்தலைவியின் முகம் வெளுத்தது. அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். "வேற பிரதி எதுலயாவது கூடுதலா பக்கம்..."

"முற்றும்னு போட்டிருக்கே, பார்க்கலையா?"

அந்த அம்மாள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தன்னை இத்தனை உயரத்தில் வைத்திருந்தவரின் மனதை உடைத்துவிட்டோமே என்று பேராசிரியருக்கு மனம் கேட்கவில்லை. இதற்குப் பரிகாரம் ஒன்றுதான். மேஜையில் விரித்துக் கிடந்த ஐந்தாம் பதிப்பின் அச்சுத்தாளை இழுத்து, பேனாவைத் திறந்தார்.

"இப்பவே அடிச்சிடுறேன். முன்னுரையில எல்லாருக்கும் தெரியற மாதிரி உண்மையை எழுதிடுறேன். அந்தப் பக்கத்தை யாருமே பார்த்திருக்க முடியாதுன்னு."

துறைத்தலைவி பாய்ந்து வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"சார், சார், வேண்டாம் சார்! கீழிருந்து மூணாவது வரின்னு நான் எழுதியிருக்கேனே!"